மெழுகு காயும் வரை

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு, விடுமுறை முடிந்து திறக்கும் முதல் வாரத்தில் புதிதாக மெழுகு பூசியிருப்பார்கள். கதவைத் தள்ளியதும் அந்த மணம் முகத்தில் வந்து ஒட்டும். பழைய மரமும் தேன்மெழுகும் மண்ணெண்ணெய் மாதிரி ஏதோவொன்றும் சேர்ந்த மணம். மற்றத் தாய்மார் உள்ளே போய்ப் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். நான் வாசலோடு நின்றுவிடுவேன். மழையென்றாலும் வெளியில்தான்.

ஏன் உள்ளே வருவதில்லை என்று மகள் ஒருநாள் கேட்டாள். வழுக்கும் என்றேன். ஏழு வயதுப் பிள்ளை, நம்பிவிட்டாள்.

பொய் எனக்குப் பழகின தொழில். அச்சில் வந்த என் முதல் கவிதையே ஒரு பொய்.

அந்த மணம் என் அண்ணனின் கைகளில் இருந்தது. ஜேர்மனியில், மலைகளுக்கு நடுவே, சுற்றுலாக்காரர் வந்து படம் எடுத்துப் போகும் ஒரு சின்னப் பழைய நகரத்தில். அதன் பெயரை எழுதமாட்டேன். தபாலட்டையில் அழகாக இருக்கும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எனக்கு அது ஒரு தபாலட்டையாகத்தான் வந்தது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகச் சாய்ந்து நிற்கும் வீடுகள், மேலே மலையில் ஒரு கோட்டை. பின்னால் அண்ணனின் கோணல் கையெழுத்து: வந்து சேர்ந்திட்டன், குளிர், யோசிக்கவேண்டாம்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். அண்ணன் அதற்கு முந்தின வருடம் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்குக் கடந்தவர். எனக்கு அகதி நேர்காணல் வந்தபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் ஒரு சாவு இருந்தால் கேஸ் எடுபடும். எங்கள் கடை எரிந்தது உண்மை. வீட்டு வாசற் படலையில் ஆமி வந்து நின்றது உண்மை. வயலுக்குள் படுத்துக் கிடந்தது உண்மை. ஆனால் அதற்கெல்லாம் கடதாசி இல்லை. பொய்க்குத்தான் கடதாசி செய்ய முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குச் சாப்பாட்டோடு கையில் ஒரு நினைவு மடல் கொடுப்போம். ஒரு பக்கம் படம். அதன் கீழே தோற்றம் என்று ஒரு திகதி, மறைவு என்று ஒரு திகதி. மறுபக்கம் பாட்டு. அப்படி ஒன்றை அண்ணனுக்கு அச்சடித்தோம். படத்தை அம்மா தேடி எடுத்தாள். அம்மா பாடுவது மாதிரி ஒரு பாட்டை நான் லண்டனிலிருந்து எழுதி அனுப்பினேன். அம்மா மூன்று பஸ் மாறி, ஒருவருக்கும் தங்களைத் தெரியாத ஊரில் ஒரு அச்சகத்துக்குப் போனாள். அச்சகக்காரர் கண் கலங்கிக் கதிரை எடுத்துப் போட்டாராம். அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய், அண்ணனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நீண்ட ஆயுள் கேட்டு அர்ச்சனை செய்தாளாம். இருபத்தைந்து மடலில் இரண்டை எனக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அடுப்புக்குள் வைத்தாள்.

நேர்காணலில் ஒன்றை நீட்டினேன். மொழிபெயர்ப்பாளர் பாட்டை வாசிக்கையில் தடுமாறினார். அந்த அலுவலர் பேனையை மூடிவைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர். என் மடியிலிருந்த கைப்பைக்குள் அண்ணனின் தபாலட்டை கிடந்தது.

மூன்று வருடம் கழித்து அண்ணனிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. அவருடைய கேஸைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு ஒன்றுதான் பாக்கி. கூடப்பிறந்த ஒருவரை இதே காரணத்துக்காக வேறு நாடு ஏற்றிருந்தால், அவர் கையெழுத்து வைத்த ஒரு வாக்குமூலம் போதும், நிலைமை மாறும் என்று வக்கீல் சொல்கிறார். கார்த்திகை முடிவதற்குள் கொடுக்கவேண்டும். ‘உன்ர ஒரு கையெழுத்துத்தான்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. லண்டன் கோப்பில் அவர் செத்து மூன்று வருடம். நான் கையெழுத்து வைத்தால் அவர் அங்கே உயிர்க்கலாம். ஆனால் என் கேஸ் நடுவால் கிழியும்.

அப்போது லண்டனில் எட்மண்டன் பக்கம் ஓர் அறையில் இருந்தோம். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நேரில் போய் உண்மையைச் சொல், அது உன் கடமை என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார். “ஆனா ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதை. நாங்கள் இப்ப ரெண்டு பேர் இல்லை.” எனக்கு அப்போது ஐந்து மாதம்.

விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பழைய நகரம் பார்க்க’ என்று நிரப்பினேன். செத்தவரைப் பார்க்க என்று எழுத முடியுமா?

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில், பிறகு கப்பல், பிறகு ரயில், கொலோனில் இறங்கி இன்னொரு ரயில். கடைசியில் இரண்டே பெட்டி வைத்த ஒரு குட்டி வண்டி, மலையைக் குடைந்த இருட்டுகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஊசியிலை மரங்கள் இன்னும் நெருங்கி நின்றன. சொல்லவேண்டிய வசனத்தை நான் மனதுக்குள் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளின் வியாதி அது. ஒரு கொலையைக்கூட நல்ல வசனத்தில் சொல்ல ஆசைப்படும்.

ஸ்டேஷன் மேடையில் அண்ணன் நின்றார். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் மெலிந்துபோய், தாடியோடு. “என்னடி, லண்டன் சாப்பாடு நல்லாப் பிடிச்சிருக்குப் போல” என்று தொடங்கியவர், என் வயிறு எதனால் என்று விளங்கியதும் வாயை மூடிக்கொண்டார். என் தலையில் கை வைத்தார். அந்தக் கையில்தான் அந்த மணம்.

ஊரைத் தன் சொந்தக் காணி மாதிரி சுற்றிக் காட்டினார். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. நான்கு வருடமாக நடந்திருக்கிறார், வேறென்ன செய்வது? எந்த உத்தரத்தில் எந்த ஆண்டு செதுக்கியிருக்கிறது, எந்தச் சந்து எந்தக் கிணற்றில் முடியும், எந்த வீட்டுக் கிழவர் வணக்கம் சொல்வார், எந்த வீட்டில் திரைச்சீலை இழுபடும், எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். கால்மணிக்கு ஒருதரம் தேவாலய மணி அடித்தது. அடிக்கும் ஒவ்வொரு தரமும் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருந்து தொடர்ந்தார்.

“இந்த வீட்டுக்கு நானூறு வயசு, தங்கச்சி. ஒருத்தரும் குண்டு போடேல்ல, பார்.”

சந்தைச் சதுக்கத்தில் ஒரு வயதான தம்பதி அவரிடம் கமெராவை நீட்டினார்கள். ஒற்றைக் கண்ணை மூடி, அவர்களைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, கோட்டையும் விழுகிற மாதிரி எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்களாம். உலகமெங்கும் எத்தனையோ அல்பங்களில் நான் இருக்கிறேன் என்றார், படத்தில் இல்லை, படத்துக்கு முன்னால்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். அக்கரையில் ஒரு மஞ்சள் பலகை. அதோடு மாவட்டம் முடிகிறது. அதைத் தாண்ட அவருக்குக் கடதாசி வேண்டும். எல்லோரும் பார்க்க வரும் கோட்டை பலகைக்கு அந்தப் பக்கம். நான்கு வருடமாக அண்ணாந்து பார்க்கிற கோட்டையின் வாசலை அவர் கண்டதில்லை. நீ ஒருக்கால் ஏறிப் பார்த்துவிட்டு வா, நான் இங்கே நிற்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

“பிறகென்னத்துக்கு விசா தந்தவங்கள்? என்னெண்டு எழுதினனி?”

பழைய நகரம் பார்க்க என்று எழுதினேன் என்றேன். சிரித்தார். அண்ணனைப் பார்க்க என்று எழுதியிருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடத் தந்திருப்பார்களே என்றார். நான் ஆற்றைப் பார்த்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். தண்ணீர் இரைச்சலில் பாதி அடிபட்டுப் போயிருக்கும். சொல்லவில்லை. பசிக்கிறது என்றேன்.

அகதிகளை வைத்திருந்த இடம் ஒரு பழைய சத்திரம். வாசலில் தகரத்தில் வெட்டிய மான் ஒன்று இன்னும் தொங்கியது. கட்டிடத்துக்காரி கீழே இருந்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்குள் மரப்படிகள் முழுவதும் மெழுகப்பட்டிருக்கவேண்டும் என்பது அவளுடைய சட்டம். முறை வைத்துச் செய்யவேண்டியது. அண்ணன் எல்லோருடைய முறையையும் தானே எடுத்துக்கொண்டாராம். ஒரு கிழமையில் தனக்கென்று இருக்கிற ஒரே வேலை அது என்றார். நான்கு மாடி, ஐம்பத்தாறு படி.

மேல்மாடி அறையில் அவருக்கும் இன்னொருவருக்கும் கட்டில்கள். மற்றவர் அன்று இல்லை. சோறும் டின்மீன் குழம்பும் வைத்திருந்தார். கறித்தூளை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார், அம்மாவின் கைப்பக்குவம் கிட்டத்தட்ட வந்திருந்தது. நான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன். அதை நினைக்கத்தான் இப்போதும் கூசுகிறது.

சாப்பிட்ட கோப்பைகளை எடுத்த இடத்தில் வக்கீலின் கடதாசியை வைத்தார். எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. மேலே பேனை, மூடி கழற்றி.

வழியெல்லாம் எழுதிவைத்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. கைப்பையைத் திறந்து, ரயில் அட்டவணைக்குள் மடித்து வைத்திருந்த அந்த இரண்டாவது மடலை எடுத்து, பேனைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் படத்தைப் பார்த்தார்.

“இது நான் ஓலெவல் சோதினைக்கு எடுத்த படமெல்லே?”

பிறகு தன் பெயருக்கு முன்னால் இருந்த ‘அமரர்’ என்ற சொல்லைப் பார்த்தார். பிறகு திகதிகளை. விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அவர் தலை நிமிர்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நேர்காணல், தண்ணீர் தந்த அலுவலர், கைப்பைக்குள் கிடந்த தபாலட்டை, கணவர் சொன்னது, வயிற்றுப் பிள்ளை. இந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைத்தால் என்ன ஆகும் என்பது. அழவில்லை. அழ எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேனா, அல்லது களைப்பா, தெரியாது.

அவர் மடலைத் திருப்பிப் பாட்டை வாசித்தார். உதடு அசைந்தது.

*வாசலில் நீ கழற்றிய செருப்பு வழிபார்த்துக் கிடக்குதடா*
*ஓசையின்றி நீ போன வழி ஊருக்கே தெரியாதடா*

“பாட்டு ஆர் எழுதினது?”

“நான்.”

“நான் எப்பவடி வாசல்ல செருப்புக் கழட்டினனான்? அடுப்படி வரைக்கும் செருப்போட போறனெண்டு அம்மாட்ட எத்தினை தரம் பேச்சு வாங்கியிருப்பன்.”

“பாட்டுக்காக எழுதினது, அண்ணை.”

சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான், சிரிப்பு வந்தால் நிற்காது. ஆனால் நான் நிறுத்தின பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டார்.

“அம்மாக்குத் தெரியுமோ?”

“அம்மாதான் அச்சடிப்பிச்சவ.”

சிரிப்பு நின்றது. மணி அடித்தது. அது ஓயும்வரை அசையாமல் இருந்துவிட்டு எழும்பினார். படி மெழுகவேண்டும், நேரமாகிறது என்றார். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு தகர டப்பாவையும் இரண்டு பழந்துணிகளையும் எடுத்தார். மேல்படியில் முழங்காலில் இருந்து, தலை என் பக்கமாக, பின்னோக்கி இறங்கத் தொடங்கினார். ஒரு படிக்கு மெழுகு, பிறகு தேய்ப்பு, பிறகு அடுத்த படி. நான் கதவு நிலையில் நின்றேன். மூன்றாவது படியில் நிமிர்ந்து பார்த்தார்.

“காயுமட்டும் கீழ இறங்காத. அரை மணித்தியாலம்.”

மேசையிலிருந்த கடதாசியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்து, படிக்கட்டின் மேல்முனையில், தரையில் உட்கார்ந்தேன். அவருடைய முகம் ஒவ்வொரு படியாகக் கீழே போனது. பிறகு முதுகு மட்டும். பிறகு வளைவில் மறைந்து துணி தேய்க்கும் சத்தம் மட்டும். மணம் மேலே ஏறி வந்தது. எனக்கும் உலகத்துக்கும் நடுவே ஈரமாக மினுங்கிக்கொண்டு ஐம்பத்தாறு படி. ஒருவரும் வர முடியாது, நான் போக முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக ஒரு முடிவோடு இருத்தி வைக்கப்பட்டதில்லை. அவர் வேண்டுமென்றுதான் செய்தாரா, சனிக்கிழமை என்பதால் நடந்ததா? இன்றுவரை தெரியாது.

கையெழுத்து வைப்பேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பேனையைப் புள்ளடிக்கு மேல் வைத்தேன். பிள்ளை புரண்டாள். மணி ஒருதரம் அடித்தது. கணவர் சொன்னது, தண்ணீர் தந்த அலுவலரின் முகம், திரும்பவும் அந்தப் படலை, ஆமி. அம்மா அச்சகத்தில் கதிரையில் இருந்த விதம். நான் அங்கே இருக்கவில்லை, ஆனாலும் அதைத்தான் மிகத் தெளிவாகக் கண்டேன். மணி இரண்டாம் தரம் அடித்தது. பேனையை எடுத்தபோது கடதாசியில் ஒரு மைப்புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியைத்தான் என் அண்ணனுக்கு நான் செய்தேன்.

வெறுங்காலோடு, படிகளின் ஓரமாகப் பாதம் வைத்து அவர் ஏறி வந்தார். என் மடியில் இருந்ததைப் பார்த்தார். எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அண்ணை என்று தொடங்கினேன்.

“சாப்பிட்டது போதுமோ?” என்றார். “வழியில ஒண்டும் வாங்கேலாது. கொஞ்சம் கட்டித்தாறன்.”

அடுத்த வைகாசியில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். என் மகள் பிறந்து மூன்று மாதம். கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து எழுதினார்: உயிரோடு வந்து இறங்கிவிட்டேன், உன் பாட்டைப் பொய்யாக்கிவிட்டேன் என்று. ஒரு வருடம் அந்த லொட்ஜிலேயே ஒளிந்தும் பதுங்கியும் இருந்தார். தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கிய கிழமை, அம்மா தனியே என்று வடக்கே புறப்பட்டார். வவுனியாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பஸ்ஸை மறித்தார்கள் என்றார்கள். இல்லை, பஸ்ஸே ஓடவில்லை, நடந்து போனார் என்றார்கள். அம்மா இன்னும் ஒவ்வொரு வருடமும் அவர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்கிறாள். அவள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யவில்லை, செய்யச் சொல்ல எனக்கு வாயில்லை.

லண்டனில் இப்போது யார் வீட்டில் சாவு என்றாலும் நினைவு மடலுக்குப் பாட்டு எழுத என்னைத்தான் கேட்கிறார்கள். வால்தம்ஸ்டோவில் தமிழர் ஒருவருடைய அச்சகத்திலிருந்து போன் வரும். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். இப்போது செருப்பைப் பற்றியும் விசாரிக்கிறேன். வீட்டார் தோற்றத் திகதியைச் சொல்லி, மறைவுத் திகதியைச் சொல்லும்போது உடைந்துபோவார்கள். அந்த நேரம் எனக்கு வருகிற உணர்ச்சியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பொறாமை அது. அவர்களிடம் ஒரு திகதி இருக்கிறது.

என்னுடைய மடல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதை அன்று நான் அவரிடமே விட்டுவிட்டு வர நினைத்தேன். மெழுகு காய்ந்த பிறகு, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினோம். கட்டிடத்துக்காரி வெளியே வந்து படியைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். ஸ்டேஷன்வரை அண்ணன் என் பையைத் தூக்கி வந்தார். வழியில் ஒரு தபாலட்டை வாங்கித் தந்தார், லண்டனில் யாரும் கேட்டால் காட்டு, பழைய நகரம் பார்த்ததற்கு அத்தாட்சி என்று. அதே தபாலட்டை, அதே கோட்டை.

இரண்டு பெட்டி வண்டி வந்து நின்றது. ஏறி ஜன்னலைக் கீழே இழுத்தேன். சோற்றுப் பொதியைத் தந்தார். பிறகு கோட்டுக்குள் கைவிட்டு அந்த மடலை எடுத்தார். நான்கு மூலையும் நேராக்கி, படம் மேலே தெரிய ஜன்னலால் நீட்டினார். நான் வாங்கவில்லை. வண்டி அசைந்தது. என் மடியில் போட்டுவிட்டு, கூடவே இரண்டு மூன்று அடி நடந்தார்.

“வைச்சிரு. திகதிய மட்டும் மாத்து, மற்றதெல்லாம் சரி.”